புது வீட்டு யன்னலடி

பளீல் மச்சான் பேராதனையிலிருந்து நீண்ட விடுமுறைக்கு வந்து ஒரு கிழமை ஆகவில்லை, என் இடத்தைப் பிடித்துக்கொண்டார். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று எதையுமே செய்யத் தெரியாத ஆள் என்பதுதான் அவரோடு உள்ள வில்லங்கம்.

என் இடம் என்று நான் சொல்வது, எனக்காக வாப்பா கட்டிய புது வீட்டின் முன் மண்டபத்து யன்னலடி. எங்கள் சாய்ந்தமருதில் பெண் பிள்ளை பிறந்ததுமே தகப்பன்மார் கல்லும் மரமும் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வந்து சேருவார். என் வாப்பா அச்சிமுகம்மதுவுக்குக் கல்முனையில் மரம் விற்கிற மரக்காலை இருந்தது. ஆகவே எங்கள் வளவுக்குள்ளேயே எழும்பிய என் வீட்டுக்கு முதிரை மரக் கதவு, முதிரை யன்னல், கூரைக்கும் முதிரை. எல்லாம் முடிந்து வெள்ளை பூசுவது மட்டும் மிச்சம். மாப்பிள்ளை கிடைத்ததும் பூசலாம் என்று வாப்பா வைத்திருந்தார். மாப்பிள்ளை கிடைக்காமல் இருந்ததில் எனக்கு ஒரு கவலையும் இல்லை.

என் கவலை வேறு. டிசம்பரில் எஸ்.எஸ்.சி. சோதினை. முதல் தடவை எழுதியபோது கணக்கு என்னைக் கவிழ்த்துவிட்டது. பள்ளிக்கூடம் போனது போதும், இனி வீட்டோடு இரு என்று ஆகிவிட்டது. அழுது, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் வாப்பாவின் மனம் இளகிய ஒரு பொழுதில், வீட்டிலிருந்தே இன்னும் ஒரு தடவை எழுத அனுமதி வாங்கியிருந்தேன். அதுவும் தவறினால் புத்தகமெல்லாம் அடுப்படிக்குத்தான்.

அனுமதி கிடைத்ததே தவிர இடம் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் புத்தகத்தோடு இருக்கிற பெண் என்றால் சும்மா இருக்கிற பெண். "சும்மாதானே இரிக்காய், இந்த வெங்காயத்த உரி" என்பார் உம்மா. அதை உரித்து முடிக்க, தம்பிமார் இருவரும் சண்டை பிடித்துக்கொண்டு வந்து மடியில் விழுவார்கள். பக்கத்து வளவுப் பெண்கள் மிளகாய் கேட்டு வந்து, மிளகாயை மறந்து, பின்னேரத்து அஸர் தொழுகை வரைக்கும் கதைத்துவிட்டுப் போவார்கள். வட்டி வீதக் கணக்கில் வட்டி ஒரு பக்கம், வீதம் ஒரு பக்கம் ஓடிவிடும்.

புது வீட்டில் அப்படி இல்லை. உம்மா மத்தியான லுஹர் தொழுதுவிட்டுக் கண் அயரும் நேரத்தில் நான் கிணற்றடியால் சுற்றிப் போய் அந்த யன்னலடியில் இருந்துகொள்வேன். வெளியே கச்சான் காற்று மணலை அள்ளி எறியும். உள்ளே சீமெந்துத் தரை குளிர்ந்து கிடக்கும். புது மரத்தின் வாசமும் சுண்ணாம்பின் வாசமும் கலந்து, இன்னும் யாரும் வாழத் தொடங்காத வீட்டின் வாசம் ஒன்று இருந்தது. தென்னைகளுக்கு இடையில் விரல் அகலத்துக்குக் கடல் தெரியும். அங்கே இருந்தால் எண்கள் வைத்த இடத்தில் நின்றன. இரண்டு கணக்குச் செய்துவிட்டு நிமிர்ந்தால் அந்த விரல் அகலக் கடல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் எங்கே இருக்கிறேன் என்பதுகூடச் சில நேரம் மறந்துபோகும். எனக்கு அது பிடித்திருந்தது.

பளீல் மச்சான் என் வாப்பாவின் தங்கை நாச்சியா மாமியின் மகன். பேராதனையில் பல்கலைக்கழகம் வந்து மூன்று நாலு வருடம்தான் ஆகியிருந்தது. எங்கள் தெருக்களிலிருந்து அங்கே போனவர் அவர் ஒருவர். அடுத்த வருடம் கடைசிச் சோதினை. மாமி வீட்டில் மூத்த மகளும் அவளுடைய கைக்குழந்தைகளும். அங்கே அவருக்குப் படிக்க முடியவில்லை. கடற்கரைக்குப் போனார், கரைவலை இழுப்பவர்கள், "தம்பி, இஞ்ச ஒரு கை போடுங்க" என்று கயிற்றைக் கொடுத்துவிட்டார்கள். பள்ளிவாசல் விறாந்தைக்குப் போனார். கெம்பசில் ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பிலா இருக்கிறார்கள் என்று விசாரித்து ஒவ்வொருவராக வந்து சுற்றி இருந்துவிட்டார்கள். வயலில் காவலுக்குப் போட்ட வாடிக்குப் போனார். அங்கே யாரும் வரவில்லை, நித்திரை வந்தது. கடைசியில் கல்முனைக்குப் போய், மரக்காலையில் ஆட்கள் நிற்கும்போதே வாப்பாவிடம் கேட்டிருக்கிறார்.

"மாமா, புது வூடு சும்மாதானே கெடக்கு. நான் கொஞ்ச நாளைக்கு அதுக்க இருந்து படிக்கட்டா?"

இதைப் போல ஒரு கேள்வியை எங்கள் ஊரில் பிறந்த எவனும் கேட்கமாட்டான். கலியாணமாகாத குமருக்குக் கட்டிய வீட்டுக்குள் மேசன் போகலாம், தச்சன் போகலாம். கட்டிக்கொள்ளும் உரிமை உள்ள மச்சான் ஒருவர் அங்கே போய் இருந்தால் அவர்தான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை. அதற்குமேல் பேச்சு வேண்டியதில்லை. நிந்தவூருக்கும் மருதமுனைக்கும் மாப்பிள்ளை தேடி நடந்து செருப்புத் தேய்ந்த வாப்பாவுக்கு, பேராதனை மாப்பிள்ளை தானாக வந்து கேட்டது பகல் கனவு போல இருந்திருக்கும். படிப்பு என்றதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வெட்கத்துக்குச் சொல்கிற சாக்கு என்று நினைத்துக்கொண்டார். அன்று பின்னேரமே தங்கையிடம் போய்க் கதைத்தும் விட்டார். மாமிக்கும் சந்தோசம். இனி மாப்பிள்ளையிடம் நேரே கதைப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. அது பெரியவர்களின் வேலை. ஆகவே ஊருக்கெல்லாம் தெரிந்தது, அவருக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

எனக்கும் இதெல்லாம் பிறகுதான் தெரியும். நான் அறிந்தது ஒன்றுதான்: இனி புது வீட்டுப் பக்கம் தலை காட்டக்கூடாது என்று உம்மா கட்டளையிட்டுவிட்டார். என் இடம் போயிற்று.

அவருக்குச் சாப்பாடு மட்டும் போய்க்கொண்டிருந்தது. கோழிக் கறி, நெய்ச்சோறு, ஒரு நாள் வட்டிலப்பம். இதையெல்லாம் கெம்பஸ் பிள்ளைக்குக் காட்டும் மரியாதை என்று நினைத்து அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். சாப்பாட்டுத் தட்டத்தைப் பின்பக்கத்தால் கொண்டுபோய்ப் புது வீட்டுக் குசினிக்குள் வைத்துவிட்டு வருவது என் வேலை; அதற்கு மட்டும் உம்மாவின் கட்டளை தளர்ந்தது. குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு கதவு. அது எப்போதும் சாத்தியே இருக்கும். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு வைத்தேன். நாலாம் நாள் என்னால் முடியவில்லை.

"மச்சான், அது என்ட இடம்," என்றேன், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று.

அந்தப் பக்கம் புத்தகம் மூடப்படும் சத்தம் கேட்டது. "எது?"

"நீங்க இரிக்கிற இடந்தான். யன்னலடி. நீங்க வரமுதல் நான் அதுலதான் இருந்து படிச்ச. எனக்கு டிசம்பர்ல சோதினை."

அவர் சொன்னார், "நல்ல இடமாப் பாத்துத்தான் புடிச்சிரிக்காய்." கோபப்படுத்தத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் குரலில் உண்மையான வியப்பு இருந்தது. "எனக்கு இத ஒருத்தரும் சொல்லித் தரல்ல. நானும் வந்து பாத்த ஒடன இந்த மூலைக்குத்தான் வந்தன்."

"அப்ப எழும்புங்க."

"எழும்பிறன். நீ வா. நான் குசினிக்க இரிக்கன்."

அது நடக்கிற காரியமா? மண்டபத்து யன்னல் தெருவைப் பார்த்தது. அவரும் இருக்கிற வீட்டில் என்னை யாராவது கண்டால் போதும். கடைசியில் அவர் யன்னலடியிலும் நான் குசினிக்குள்ளும் என்று ஆயிற்று. உம்மா நித்திரை கொள்ளும் நேரம் மட்டும். இன்னும் நெருப்பே காணாத அடுப்புக் கட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நான் கணக்குச் செய்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் ஏடு புரட்டும் சத்தம் விட்டு விட்டுக் கேட்கும். அந்தச் சத்தம் என்னைக் குழப்பவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவர் களைத்துப்போனால் கதைப்பார். பேராதனையில் அவர் படித்த இடங்களைப் பற்றித்தான் எப்போதும். வேறு பிள்ளைகள் அங்கே நடனத்தையும் கிரிக்கெட்டையும் பற்றிக் கதைப்பார்களாம். இவர் இடம் தேடித் திரிந்திருக்கிறார். மகாவலி வளைகிற ஒரு முடக்கில் மூங்கில் பற்றை, அதற்குக் கீழே ஒரு கல். அங்கே இருந்தால் மூங்கில் இலை வந்து புத்தகத்தில் விழும், விழுந்த இலையிலேயே பக்கத்துக்கு அடையாளம் வைத்துவிடலாம். ஆனால் அட்டை கடிக்கும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வெறுமையாகக் கிடக்கும் விரிவுரை மண்டபங்கள். கரும்பலகையில் வேறு யாருக்கோ நடத்திய பாடம் பாதி அழிந்து கிடக்கும். தெரியாத பாடம் என்றால் நல்லது, கண் அங்கே போய் ஓய்வெடுக்கும். தெரிந்த பாடம் என்றால் அன்றைக்குப் படிப்புப் பாழ்.

"படிக்கிற இடத்தில கண்ணுக்குக் கொஞ்சம் தூரம் வேணும்," என்பார். "காதுக்கு மாறாத ஒரு சத்தம் இரிக்கணும். ஆறு நல்லம். மழ நல்லம். நம்மட கடல் போல நல்ல சத்தம் அங்க எங்கயும் கெடைக்கல்ல."

ஹந்தானை மலைப் பக்கம் ஒரு பாறை இருந்ததாம். அங்கே போய் இருந்தால் மூடுபனி மேலிருந்து இறங்கி வரும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே எழுத்து மங்கி, மறைந்து, புத்தகம் வெறும் வெள்ளையாகிவிடும். பனி போகும் வரைக்கும் ஒன்றும் செய்ய முடியாது. அரைகுறையாக நின்ற வசனத்தை மனதில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான். "அப்பிடி இருந்து யோசிச்ச வசனமெல்லாம் இண்டைக்கும் ஞாபகம் இரிக்கு," என்றார்.

வெளியே கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடினேன். பனி கிணற்றடியால் வந்து, வாழைகளை மறைத்து, குசினிக் கதவால் உள்ளே நுழைந்து என் மடியிலிருந்த கணக்குப் புத்தகத்தின் மேல் படுத்துக்கொண்டது. மகாவலி எங்கள் வளவுக்குப் பின்னால் ஓடியது. வெக்கையிலும் எனக்குக் குளிர்ந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு அப்படியே இருந்தேன்.

"அங்க பொம்புளப் புள்ளயள் எங்க இருந்து படிப்பாங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எனக்குத் தெரியா. நான் பாக்கிறல்ல."

"பொய் சொல்லாதீங்க."

சிரித்தார். பிறகு சொன்னார். நூலகத்தில் மலையைப் பார்த்த யன்னலடியில் ஒரு கதிரை. ஒரு பெண் காலையில் வந்து அதில் இருந்தால் சாத்துகிற மணி அடிக்கும்வரை எழும்பமாட்டாளாம். எழும்பிப் போனாலும் கதிரையில் குடையைச் சாத்திவிட்டுத்தான் போவாளாம். அந்தக் குடையை ஒருவரும் தொடமாட்டார்கள், பேராசிரியர்கள்கூட. "அது அவட இடம். எல்லாருக்கும் தெரியும்," என்றார்.

அந்த இரவு முழுக்க நான் அந்தக் கதிரையில் இருந்தேன். அவள் முகத்தை அவர் சொல்லவில்லை, ஆகவே என் முகத்தையே வைத்துக்கொண்டேன். ஒரு கதிரை, ஒரு யன்னல், தொட யாரும் துணியாத ஒரு குடை. இதைவிடப் பெரிய சொத்து ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. அங்கே போகிற பாதையில் எனக்கு முதல் படி எஸ்.எஸ்.சி. அது எனக்கு அன்றைக்குத்தான் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து உம்மா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தித் தலைக்கு எண்ணெய் வைத்தார். வழக்கத்தைவிட மெதுவாக வைத்தார். அதிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது.

"ஹஜ்ஜுப் பெருநாள் கழிஞ்ச வெள்ளிக்கிழம," என்றார். "மாமியும் ஓம் எண்டுட்டா. நாளையிண்டைக்கு வெள்ள பூச ஆக்கள் வருவாங்க."

"என்னத்துக்கு உம்மா?"

"என்னத்துக்கு எண்டு கேக்கிறாய்! அந்தப் புள்ள தானாக் கேட்டு வந்து, இந்தக் காஞ்ச வெயிலுக்க வூட்டுக் காவலாட்டம் குந்திக்கிட்டு இரிக்கு."

"எனக்குச் சோதினை இரிக்கு உம்மா. டிசம்பர்ல."

"மாப்புள பேராதனைல படிச்சவரு. ஒரு வூட்டுக்கு ஒரு படிப்புப் போதும்," என்று சொல்லி உம்மா பின்னலை இறுக்கி முடிந்தார்.

அன்று முழுக்க நான் யோசித்தேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் சொல்வதில் பாதி பொய். அவர் குரல் கேட்காத நாள் எனக்கு நாளாகவே இருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவர் எனக்கு. ஆனால் வெள்ளிக்கிழமையோடு அந்த வீட்டில் விருந்து தொடங்கும், விருந்துக்கு மேல் விருந்து, பிறகு பிள்ளை, பிறகு நெல் அவிக்கிற அடுப்பு. டிசம்பர் எங்கே வரப்போகிறது? அவரிடம் உண்மையைச் சொன்னால் எழும்பிப் போய்விடுவார். மாப்பிள்ளை இருந்துவிட்டு எழும்பிப் போன வீடு என்று ஊர் சொல்லும். இரண்டு பக்கமும் எரிச்சலாக இருந்தது. எல்லாவற்றையும்விட, இவ்வளவு நடந்தும் ஒன்றும் தெரியாமல் வட்டிலப்பம் தின்றுகொண்டிருந்த அந்த மனிதர் மேல்தான் எனக்கு எரிச்சல்.

அடுத்த நாள் தட்டத்தை வைத்துவிட்டுக் கேட்டேன். "பெருநாள் கழிஞ்ச வெள்ளிக்கிழம எங்க இருப்பீங்க மச்சான்?"

"கெம்பஸ் தொறந்திரும். பேராதனைலதான். ஏன்?"

"அண்டைக்கு ஒங்களுக்குக் கலியாணம்."

ஏடு புரள்வது நின்றது. "ஆரோட?"

அந்தக் கேள்விக்கு எனக்குத் தலைக்குமேல் கோபம் வந்தது. "இந்த வூட்டோட! நானும் இதுக்கதான் இரிக்கன்!"

"நான் மாமாட்டப் படிக்கத்தானே கேட்டன்," என்றார், சின்னப் பிள்ளை போல.

"படிக்க எண்டு கேட்டா குமர்ட வூட்டுக்க விடுவாங்களா? நீங்க எந்த ஊர்ல பொறந்த?"

"இப்ப நான் எழும்பிப் போனா?"

"போனா, மாப்புள வேணாமெண்டு போன வூடு எண்டுவாங்க. அதுக்கு மறுகா ஒருத்தரும் இந்தப் பக்கம் வரமாட்டாங்க."

"போகாட்டி?"

"போகாட்டி எனக்குச் சோதினை இல்ல."

சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அதை அவர் கேட்டிருப்பார். கதிரை பின்னுக்குத் தள்ளப்பட்டது. முன் கதவு திறந்தது. வெயிலுக்குள் இறங்கிய செருப்புச் சத்தம் தெரு மணலோடு அமுங்கிப்போயிற்று.

நான் நடுக்கதவைத் திறந்துகொண்டு மண்டபத்துக்குள் போனேன். யாராவது கண்டால் காணட்டும். யன்னலடியில் அவர் புத்தகங்கள் விரித்தபடி கிடந்தன. என் இடம் எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். ஓர் எண்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணீர் அப்படி ஓடியது.

அஸருக்கு முன்னமே வாப்பா வந்துவிட்டார். மரக்காலையை அந்த நேரத்தில் விட்டுவிட்டு வருகிற வழக்கம் அவருக்கு இல்லை. புது வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு நேரே மண்டபத்துக்குள் வந்தார். என்னைக் கண்டதும் ஏன் இங்கே நிற்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"ஒன்ட மச்சான் மரக்காலைக்கு வந்தான்," என்றார். "வேர்த்து ஒழுகிக்கிட்டு. ஆக்கள் நிக்கக்க, எல்லாருக்கும் முன்னால கேக்கிறான், மாமா, ஒங்கட மகள்ட்டக் கேட்டீங்களா எண்டு."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"நான் சொன்னன், கலியாணக் காவின் பதியக்க கேக்கிறதானே, அதுதானே முறை எண்டு. அவன் சொல்றான், அண்டைக்குக் கேட்டா அவ சும்மாதான் இருப்பா, சும்மா இருந்தா சம்மதமெண்டு எழுதிருவீங்க. இப்ப போய்க் கேளுங்க. அவ வேணாமெண்டு சொன்னா, நீங்கதான் என்னய வேணாமெண்டு அனுப்பினதா ஊருக்குச் சொல்லுங்க. அவ என்ன சொல்றாவோ அதுதான் எனக்கும் எண்டுட்டுப் போறான்." வாப்பா வெறும் சுவரைச் சுற்றிப் பார்த்தார். "எங்கட குடில இண்டைக்கு வரைக்கும் ஒரு வாப்பாவும் இப்பிடிக் கேட்டதில்ல புள்ள. என்னெண்டு கேக்கிற எண்டும் எனக்குத் தெரியா."

மரம் விலை பேசினால் யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர், என் முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. அவர் கேட்டுவிட்டார் என்றே எடுத்துக்கொண்டேன்.

"வாப்பா, வூடு எனக்கு இப்ப வேணும்," என்றேன். "டிசம்பர் வரைக்கும். தனிய இருந்து படிக்க."

"அப்ப ஆள்?"

"ஆள் மறுகா."

"மறுகா எண்டா? வேணுமா, வேணாமா? ஆக்கள் கேட்டா நான் ஒண்டு சொல்லணுமே."

தலையைக் குனிந்துகொண்டு சும்மா நின்றிருக்கலாம். உம்மா அப்படித்தான் நின்றிருப்பார், அவருடைய உம்மாவும் அப்படித்தான். வாப்பாவுக்கு அது போதுமாக இருந்திருக்கும்.

"அவர் வேணும்," என்றேன். வெறும் வீடு, நான் நினைத்ததைவிட அது பெரிதாகக் கேட்டது. "சோதினைக்குப் பொறகு வரச் சொல்லுங்க."

வாப்பா தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, யன்னலடியில் கிடந்த மச்சானின் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கக்கத்தில் அடுக்கினார். என் கணக்குப் புத்தகத்தைத் தொடவில்லை. வெளியே போய், முன் கதவைத் தானே இழுத்துச் சாத்தினார். தெருவில் யாரோ அவரிடம், மாப்பிள்ளை உள்ளேயா என்று கேட்பது எனக்குக் கேட்டது.

"மாப்புள இல்ல," என்றார் வாப்பா. "மகள் படிக்கிறா. சத்தம் போடாமப் போங்க."